சேவலும் ஓணானும் ஆடிய நடனம்

பிரேசில் கரும்புத் தோட்டத்தில் சண்டை பழகினால் கூண்டில் அடைத்துவிடுவார்கள். அதனால் சேவலும் ஓணானும் கப்போயிராச் சண்டையை நடனம் என்று சொல்லியே பழகிவந்தன.

“தரையைத் தடவுறதெல்லாம் ஒரு அடியாடா? எகிறி உதைக்கணும்!” என்றது சேவல்.

“போடா கொண்டைக்காரா! பதுங்கி ஏமாத்துறதுதான் அசல் முறை. உன்னுது நேத்து முளைச்சது,” என்றது ஓணான்.

பேச்சு முற்றி இரண்டும் கட்டிப் புரண்டன. அவற்றின் பயிற்சிக்கு எப்போதும் தாளம் போடும் தோழனான ஒற்றைக்கம்பி வில்வாத்தியம், காவல்நாய் வருவதைப் பார்த்து எச்சரிக்கைத் தாளம் தட்டியது. உடனே இரண்டும் இடுப்பை வளைத்துக் குழைந்து குழைந்து ஆடின.

நாய் வாலாட்டி ரசித்தது. “நடனம் பிரமாதம்ப்பா!” என்று கிளம்பியது. போகிற போக்கில் கேட்டது: “ஆமா, ஜெயிச்சது யாரு?”

“நான்தான்!” என்றன இரண்டும்.