வெள்ளை மண்

டெய்சி தன் மண் உருண்டையை போனுக்கு அருகே கொண்டுவந்து காட்டினாள்.

மற்ற ஏழு பிள்ளைகளின் மண்ணும் சிவப்பு. கல்லும் வேருமாக இருந்தது. டெய்சியினுடையது மட்டும் வெள்ளை. சலித்த மாவு போல வழவழவென்று, விரிசலே இல்லாமல் இருந்தது.

பாடத்தின் நடுவே தேர்வாளர் பேசக் கூடாது. ஆனாலும் பெங்களூரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நேசமணி மேடம் மைக்கைத் திறந்து, இவ்வளவு நல்ல மண் கே.ஜி.எஃப் தங்கவயலில் கிடைக்கிறதா என்று வியந்தார்.

மேகனா அந்த உருண்டையையே பார்த்தாள்.

ஓவிய ஆசிரியர் பயிற்சியில் அவளுக்கு இது கடைசிச் செய்முறைத் தேர்வு. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தன. கே.ஜி.எஃப்பின் ஆண்டர்சன்பேட்டையில் அப்பாவின் மளிகைக் கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில், அரிசி மூட்டை மேல் போனைச் சாய்த்து வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடத்துக்குள் பிள்ளைகள் ஆளுக்கொரு யானை செய்து முடிக்க வேண்டும்.

களிமண் வாங்க ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. வீட்டருகே கிடைக்கும் மண்ணைப் பயன்படுத்தலாம் என்று பாடத்திட்டத்தில் எழுதியது அவள்தான். மேடம் அந்த வரிக்குக் கீழே ‘நன்று’ என்று குறித்திருந்தார்.

எங்கே எடுத்தாய் என்று டெய்சியைக் கேட்டாள்.

"வூட்டுக்குப் பின்னாடி, மேட்டுல மிஸ். கஞ்சித் தண்ணி ஊத்திப் பிசைஞ்சேன்."

சொல்லிக்கொண்டே டெய்சி விரல் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, தும்பிக்கையைத் தடவி நேராக்கினாள். மறுபடி விரலை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"டெய்சி, வாயில வைக்காத. எல்லாரும் மண்ணைக் கீழ வைங்க. யாரும் முகத்தைத் தொடக் கூடாது. போய் சோப்பு போட்டுக் கை கழுவிட்டு வாங்க."

காதை மட்டும் ஒட்டிவிட்டுப் போகிறேன் என்றான் ஒருவன். கூடாது என்றாள். குரல் அவளுக்கே சத்தமாகக் கேட்டது.

பிள்ளைகள் எழுந்து போனார்கள். போனில் எட்டுக் கட்டங்களிலும் வெறும் சுவர், ஒரு காலண்டர், ஒரு திரைச்சீலை. ஒன்பதாவது கட்டத்தில் நேசமணி மேடம் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

டெய்சியின் அம்மா ஃப்ளோராவைக் கூப்பிட்டாள் மேகனா. ரயில் நின்றதிலிருந்து பெங்களூர் கார்மெண்ட்ஸ் வேலை போய் வீட்டில் இருப்பவள். ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். பிள்ளையின் வாயைக் கொப்பளிக்க வைக்கவும், நகக்கண்ணைத் தேய்த்துக் கழுவவும், உருண்டையை எடுத்துப் போடவும் சொன்னாள் மேகனா.

ஃப்ளோரா உருண்டையைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.

திரும்பி வந்தவர்களை ஒவ்வொருவராக உள்ளங்கையையும் புறங்கையையும் காட்டச் சொன்னாள். டெய்சியை இரண்டு முறை அனுப்பினாள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஒரு யானைக்கும் நான்கு கால் இல்லை.

பிள்ளைகள் விடைபெற்றுப் போனார்கள். மேகனா தோற்றுப்போனதைக் கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

நேசமணி மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். இந்த இரண்டு வருடத்தில் எத்தனையோ ஆன்லைன் பாடம் பார்த்தாகிவிட்டது என்றார். யானை முக்கியமில்லை, பிள்ளைகள்தான் முக்கியம் என்று பாடத்தைப் பாதியில் நிறுத்திக் கை கழுவ அனுப்பியவள் நீ ஒருத்திதான், கொரோனா காலத்து டீச்சர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். தேர்ச்சி மட்டுமில்லை, இந்த பேட்ச்சில் இதுவரை அதிக மதிப்பெண் உனக்குத்தான் என்றார்.

மேகனாவுக்கு உடம்பெல்லாம் லேசானது. நன்றி சொன்னாள். கடையிலிருந்து அப்பா எட்டிப் பார்க்க, பாஸ் என்று வாயசைத்துக் காட்டினாள். அழைப்பைத் துண்டிக்க விரலைக் கொண்டுபோனாள்.

இன்னொன்று என்றார் நேசமணி மேடம். திங்கட்கிழமை உன் பேட்ச் வாசுவுக்குத் தேர்வு. அவனும் உங்கள் ஊர்தான். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு மண் கிடைக்காமல் புலம்புகிறான். அந்த வெள்ளை மண்ணையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன்.

மேகனாவின் விரல் திரை மேலேயே நின்றது.

"மேடம், அது மண்ணு இல்ல. மைன்ஸ் ஓடினப்போ தங்கத்தைப் பிரிச்சிட்டுக் கொட்டின தூளு. சயனைடு போட்டுப் பிரிச்சது. எங்க ஊர்ல அதுக்குப் பேரே சயனைடு மேடு."

நேசமணி மேடம் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அப்படியானால் கை கழுவச் சொன்னது அதற்காகவா என்று கேட்டார். ஆமாம் என்றாள். எந்தப் பிள்ளை எங்கிருந்து மண் எடுக்கும் என்று முன்னால் விசாரிக்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றாள்.

மதிப்பெண் தாளில் ஒரு கோடு விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அந்த வரிக்கு ‘நன்று’ போட்டது நான்தான் என்றார் மேடம், தணிந்த குரலில். ஆனாலும் இந்தத் தேர்வை நீ அக்டோபரில் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். வாசுவிடம் உடனே பேசுகிறேன்.

மேகனா மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்தாள். டெய்சியை டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடலாம், வருகிறேன் என்று ஃப்ளோராவிடம் சொல்லியிருந்தாள். வழியில் இரண்டு இடத்தில் வீட்டை விசாரிக்க வேண்டியிருந்தது.

டெய்சி வாசலில் காத்திருந்தாள். போனில் தெரிந்ததைவிடச் சின்னவள். ஒரு வருடமாகப் பாடம் எடுத்த பிள்ளையை மேகனா அன்றுதான் முதல் முறையாக நேரில் பார்த்தாள்.

டெய்சியின் தலைக்கு மேல், ஓட்டுக் கூரைக்கும் மேல், வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது அந்த வெள்ளை மேடு.