திருக்கரத்தால் ஒரு கொலை

“இன்று முதல், இந்த நிறுவனத்தில் என் அனுமதி இல்லாமல் ஒரு புரோசஸ்கூட சாகக் கூடாது!”

எம்.டி. ரெங்கராஜ் மைக்கைக் கீழே வைத்தார். அறையில் இருந்தது ஏழே பேர். மைக் இல்லாமலேயே கேட்டிருக்கும். ஆனால் வரலாற்றுக்குக் கேட்டிருக்காதே!

தென்னூரில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த அந்த நிறுவனத்தின் வேலை, ஸ்ரீரங்கம் வரும் பக்தர்களுக்கு ஆன்லைனில் லாட்ஜ் ரூம் பிடித்துக் கொடுப்பது. கொஞ்ச நாளாக ரூம் இருந்தது, சர்வர்தான் நகரவில்லை. அதற்குள் ஓடிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான வேலைகளில், அதாவது புரோசஸ்களில், ஏதோ ஒன்று மொத்தத் தெம்பையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. போன வாரம் யாரோ ஒன்றை நிறுத்திப் பார்க்க, எம்.டி.யின் நேரலை உரை பாதியில் அறுந்தது. அதனால்தான் இந்தச் சட்டம்.

“எனக்குத் தெரியும், சர்ஃபராஸ் எழுதின பில் புரோகிராம்தான் இந்த வேலையைப் பண்ணுது. சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா புரோகிராமும் வேண்டாம், எழுதினவனும் வேண்டாம்.”

சர்ஃபராஸுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். பத்திரிகையில் பெயருக்குக் கீழே இந்த கம்பெனி பெயரைப் போட்டு அச்சடித்தாகிவிட்டது. அவன் டெல்பினைப் பார்த்தான்.

டெல்பின் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பல வருஷமாக அந்த சர்வரைக் கட்டி மேய்ப்பவள் அவள். ஓடுகிற புரோசஸ்கள் வரிவரியாக மாறிக்கொண்டே இருந்தன. மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக உறிஞ்சிக்கொண்டிருந்த முதல் வரி மட்டும் அசையவில்லை. அது எதுவென்று அவளுக்குப் போன வாரமே தெரியும். சொல்லவும் வாயைத் திறந்தாள். “பிரச்சினையோட வராதேம்மா, தீர்வோட வா” என்று ஆரம்பித்த எம்.டி., தலைமைப் பண்பு பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அதற்கப்புறம் அவள் எதுவும் சொல்வதில்லை; கீழே போய்த் தலைவலி மாத்திரை வாங்கி வருவதோடு சரி.

போன் அடித்தது.

“மேடம், சித்திரை வீதி லாட்ஜ் பெரியண்ணன் பேசறேங்க. சேலத்துலேர்ந்து ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோட நிக்குது. புக் பண்ணிட்டோம்கிறாங்க, எங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணையும் காணோம்.”

“ஒரு காபி வாங்கிக் குடுங்கண்ணே.”

“ரெண்டு தரம் குடுத்தாச்சுங்க!”

எம்.டி. சுவரில் புதிதாக மாட்டிய பெரிய டி.வி.க்குக் கீழே, கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றார். சர்வரின் நிலவரம் அதில் சிவப்பு சிவப்பாகத் துடித்தது. திறப்பு விழாவன்று வைத்த குங்குமம் அதன் மூலையில் இன்னும் இருந்தது.

“ஒண்ணு கவனிச்சியாம்மா? நான் கரன்ட்டை மிச்சம் பண்ண, இந்த ரூம்ல எல்லா சுவிட்சையும் அணைச்சிட்டு சாப்பிடப் போனா, சர்வர் ஜம்முனு ஓடுது. திரும்பி வந்து உக்காந்ததும் படுத்துக்குது. என்னைக் கண்டா அதுக்கு பயம்!”

“ஆமா சார். ரொம்ப.”

“சரி, தீர்வு?”

“ஒரே ஒரு புரோசஸ்தான் சார். அதைக் கொன்னா சரியாயிடும்.”

“சர்ஃபராஸோடதுதானே?”

“இல்ல சார்.”

“பின்ன யாரோடது?”

“யாரோடதா இருந்தா என்ன சார்? தனிமனிதரை விட நிறுவனம் பெரிசு இல்லையா?”

அது எம்.டி.யின் சொந்த வாசகம். வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதற்கு மேல் அவரால் கேட்க முடியவில்லை.

“கொல்லலாம். ஆனா இரு, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பன்னெண்டு வரைக்கும் ராகு காலம்.”

எல்லோரும் ராகு காலம் முடியக் காத்திருந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் சேலத்துக் குடும்பம் மூன்றாவது காபி குடித்தது.

பன்னிரண்டு அடித்ததும் எம்.டி. கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். கட்டளையை டெல்பின் தட்டச்சு செய்து தர வேண்டும். என்டர் பட்டனை அவர்தான் அழுத்துவார். சர்ஃபராஸ் போட்டோ எடுக்க வேண்டும். டெல்பின் தட்டினாள்.

“என்னம்மா, பேரே இல்லாம நம்பரா இருக்கு?”

“உள்ளே எல்லாருக்குமே நம்பர்தான் சார்.”

“இந்த ஒன்பது எதுக்கு?”

“அப்பீல் கிடையாதுன்னு அர்த்தம் சார்.”

“நமக்கு ராசியான நம்பர்!”

ரிப்பன் வெட்டுகிற முகத்தோடு எம்.டி. என்டரை அழுத்தினார். போட்டோ சரியாக விழவில்லை என்று இன்னொரு தரமும் அழுத்தினார்.

போன் உடனே அடித்தது. “மேடம், வந்திடுச்சுங்க! எல்லா ரூமும் காட்டுது. சேலத்துக்காரங்க ரூமுக்குப் போயிட்டாங்க!”

அதே நேரத்தில் சுவர் டி.வி. கறுத்துப்போனது. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. குங்குமம் மட்டும் இருந்தது. மற்ற ஆறு பேரும் எம்.டி.யைப் பார்த்தார்கள்.

எம்.டி. அண்ணாந்து பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது.

“பாத்தீங்களா? ஒரு குத்தம் குறை இல்ல. துடைச்சு விட்ட மாதிரி சுத்தம்!”

சர்ஃபராஸ் மெதுவாக டெல்பின் பக்கம் குனிந்தான். “அக்கா, உண்மையைச் சொல்லிடலாமா?”

“தீர்வோட வந்தாச்சு, தம்பி. நீ ஜும்மாவுக்குக் கிளம்பு.”

எம்.டி. தன் திருக்கரத்தால் கொன்றது, அந்த டி.வி.யில் காட்டுவதற்காக விநாடிக்கு விநாடி சர்வரை உலுக்கி “நல்லாயிருக்கியா?” என்று விசாரித்துக்கொண்டிருந்த அவருடைய சொந்தக் கண்காணிப்பு புரோகிராமை. டி.வி. இன்றுவரை கறுப்பாகத்தான் இருக்கிறது. வருகிற விருந்தாளிகளுக்கு அவர் அதைத்தான் முதலில் காட்டுகிறார்.