பவளக்கிளி வைத்த டாக்கோ விருந்து

மெக்சிகன் ஹோட்டல் ஜன்னலில் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துப் பழகிய பவளக்கிளி, எதிர்க்கிளை அணில் சொக்கனை டாக்கோ சாப்பிடக் கூப்பிட்டாள். ஹோட்டல் ருசி வருமோ வராதோ என்று ஒரே படபடப்பு. சோள ரொட்டி சுட்டாள். பத்து மிளகாய் வைத்துத் தக்காளிச் சட்னி அரைத்து நக்கிப் பார்த்தாள். கிளி நாக்குக்கு ஏது காரம்?

“சப்புன்னு இருக்கே!” என்று இன்னும் இருபது போட்டாள்.

சொக்கன் ஒரு கடிதான் கடித்தான். “அக்கா, தண்ணி!” என்று அலறியபடி மர உச்சிக்கு ஓடினான், கீழே பாய்ந்தான், வாலைச் சுழற்றிக்கொண்டு மறுபடியும் ஏறினான்.

பவளத்துக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. அந்த ஹோட்டலில்கூட யாரும் சாப்பிட்டுவிட்டு இப்படி ஆடியதில்லை.

“மெதுவா ஆடு தம்பி! பிள்ளைங்களுக்கும் நாலு கட்டித் தர்றேன்!”