உச்சியில் ஒரு சாண் சிலுவை

முட்டுக்காட்டுக் கழிமுகத் தண்ணியை உள்ளங்கையில ஏந்திச் சத்தியம் பண்றேன். நான் சொல்லப் போறதுல ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. வழக்கமா நான் விடுற கதைகள் வேற, இது வேற.

எங்க தெரு ஜெஸ்ஸி, ஈ.சி.ஆர். ரிசார்ட் ஒண்ணுல பாத்திரம் தேய்க்கப் போனவ. அங்க கேக் போடுற மாஸ்டரோட கையைப் பார்த்தே தொழிலைக் கத்துக்கிட்டா. அவ பொண்ணு அன்பரசிக்கு ஞாயித்துக்கிழமை புதுநன்மை. முதல் தடவையா நற்கருணை வாங்கப் போற பிள்ளைக்குக் கடை கேக்கான்னு, வீட்டுலயே மூணு அடுக்குல போட்டா.

உயரம்? மாமல்லபுரம் லைட்ஹவுஸ்ல ஏறிப் பார்த்தாத் தெரியும். நம்பலைன்னா ஒரு முழம் குறைச்சுக்கோங்க. ஆனா எறும்புங்க திருப்போரூர்ல பஸ் ஏறி வந்தது நிஜம்.

சுத்திலும் க்ரீம்ல கோதுமைக் கதிர், திராட்சைக் குலை. உச்சியில ஒரு சாண் சிலுவை. அதை மட்டும் சர்க்கரையை மாவாப் பிசைஞ்சு, தனியாச் செஞ்சு, காய வச்சுச் சொருகியிருந்தா. சிலுவை மேல கத்தி வைக்க எங்க ஜனம் ஒத்துக்காது. வெட்டுறதுக்கு முன்னாடி எடுத்து மாதா படத்துக்கிட்ட வச்சிடலாம்னு யோசனை.

மறுநாள் நன்மை வாங்குற பிள்ளைங்க சனிக்கிழமை சாயங்காலமே சர்ச்சுக்குப் போய், சாமியார்கிட்ட செஞ்ச தப்பைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யணும். ஜெஸ்ஸியும் புருஷன் கலைவாணனும் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. கேக்குக்குக் காவல், கலைவாணனோட அக்கா செங்கம்மா.

செங்கம்மா அதே வீட்டுல இருக்கிறவதான். ஆனா தம்பி கல்யாணத்துக்காகக் கிறிஸ்தவ வேதத்துல சேர்ந்த நாள்ல இருந்து சர்ச் படி மிதிச்சது இல்லை. உங்க சாமி உங்களுக்கு, எம் முருகன் எனக்குன்னு இருந்தவ. அத்தை வந்தாத்தான் நன்மை வாங்குவேன்னு அன்பரசி அடம் பிடிக்க, பத்து வருஷத்துல முதல் தடவையா வரேன்னு ஒத்துக்கிட்டா. புதுப் புடவைக்கு ஜாக்கெட்டும் தைச்சு வந்தாச்சு.

சர்ச்சுக்குப் போனவங்க திரும்பி வந்து பார்த்தா, உச்சியில சிலுவை இல்லை. வெறும் குழிதான் இருந்தது.

ஜெஸ்ஸி போட்ட சத்தத்துல தெருவே கூடிடுச்சு. கூட்டத்தோட கூட்டமா நானும் உள்ள போனேன்.

பின்னாடி துணி துவைச்சுகினு இருந்தேன், எதுவும் தெரியாதுன்னா செங்கம்மா. பூனையா இருக்கும்னு எதிர்வீட்டுக்காரி வேண்டா சொன்னா.

நான் விடுவேனா? பூனைக்குச் சிலுவை மேல என்ன பகை, பகை யாருக்குன்னு தெருவுக்கே தெரியாதான்னு ஆரம்பிச்சேன். ரெண்டு வேத வசனமும் எடுத்து விட்டேன். அதுல ஒண்ணு பைபிள்ல இல்லாதது.

கலைவாணன் மெதுவாக் கேட்டான், "நீயாக்கா?"

செங்கம்மா என் பக்கம் திரும்பினா. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தா. நேரா என்கிட்ட வந்தா. அறையப் போறான்னு ஒரு எட்டு பின்னால வச்சேன். குனிஞ்சு என் காதுல மட்டும் என்னமோ சொன்னா.

அப்புறம் தம்பி பக்கம் திரும்பினா.

"ஆமாடா, நான்தான். கை பட்டு ஒட்ஞ்சி பூட்ச்சி, தூக்கிப் போட்டேன். இன்னா இப்போ?"

ஜெஸ்ஸி கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னா, "நாளைக்கு நீங்க சர்ச்சுக்கு வர வேணாம் அண்ணி."

அன்பரசி அத்தை கையைப் பிடிச்சுக்கிட்டு விடலை. செங்கம்மாதான் அவ விரலை ஒவ்வொண்ணா எடுத்து விட்டா.

காதுல இன்னா சொன்னான்னு வேண்டா என்னைத் துளைச்சா. சாபம் விட்டான்னு சொல்லி வச்சேன்.

ஞாயித்துக்கிழமை காலையில வாசல்ல ஆட்டோ நின்னது. "ஏறு மாமா, அக்கா எடம் சும்மாதானே கீது"ன்னான் கலைவாணன். ஏறினேன். பூசையிலயும் முன்வரிசையில அவளுக்குன்னு பிடிச்சு வச்ச இடத்துல நான்தான் உட்கார்ந்தேன். எல்லாரும் நன்மை வாங்க எழுந்தப்போ, முட்டி வலின்னு சொல்லி அசையாம இருந்துட்டேன். வெள்ளைக் கவுனோட திரும்பி வந்த அன்பரசி, ஒருவேளை அத்தை வந்திருக்குமோன்னு எங்க பெஞ்சைப் பார்த்துச்சு. நான் தரையைப் பார்த்தேன்.

பொண்டாட்டி போனதுல இருந்து எனக்கு மத்தியானச் சோறு ஜெஸ்ஸி வீட்டுலதான். அன்னிக்கும் இலை போட்டு, முதல்ல கேக்கை வச்சா. சுகர்னு சொல்லி ஒதுக்கிட்டேன். பாவம், பெருசுக்கு எவ்ளோ கட்டுப்பாடுன்னு நாலு பேர் மெச்சினாங்க.

சோறு போட்டது செங்கம்மா. என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

முந்தின நாள் அவ என் காதுல சொன்னது சாபம் இல்லீங்க.

"மீசையில வெள்ளையா ஒட்டிகினு கீது அண்ணாத்த, தொடச்சிக்கோ. என்னை இன்னா திட்னாலும் தம்பி சோறு போடுவான். உனுக்கு யார் போடுவா?"

படிச்சாச்சா? பக்கத்தை மடிச்சிடுங்க. யார் சொன்னதுன்னு மட்டும் எங்க தெருவுல மூச்சு விடாதீங்க. மணி ஒண்ணாகப் போகுது, நான் அங்க சாப்பிடப் போகணும்.