தீராத பாட்டில்

"வெட்கமா இல்ல உனக்கு? தோளுக்கு மேல வளர்ந்த பொண்ணுக்கு அப்பன்!"

ஸ்கூட்டர் ஷெட்டில் அத்தையிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்ட தம்பி, ரொட்டித் துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மறைத்து என்ன பயன்? மோவாயெல்லாம் மிளகாய் சாஸ். பாட்டில் பழைய ஹெல்மெட்டுக்குள் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

அத்தை இந்த வீட்டுக்கு வந்தது போன வாரம். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பி மகளுக்கு ரத்தப் புற்றுநோய். மருந்து ஏறி ஏறி வாயெல்லாம் புண். உப்பு, உறைப்பு எதுவும் ஆகாது, குழைந்த கஞ்சிதான். அதை ஒழுங்காகச் சாப்பிட்டு எடை ஏறினால்தான் அடுத்த சுற்று மருந்து என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"நான் மட்டும் ஏன் இந்தப் பசையைத் தின்னணும்?" என்று அவள் கிண்ணத்தைத் தள்ளிவிட்ட அன்றே வீட்டில் சட்டம் போட்டார்கள். அவள் சாப்பிடுவதைத்தான் எல்லாரும் சாப்பிட வேண்டும். அதிலிருந்து கிண்ணம் காலியாகிறது.

இதைக் கேட்டு அத்தை கண்கலங்கிப் போனாள். "குடும்பம்னா இதுதான்டா" என்று தம்பியைத் தட்டிக்கொடுத்தாள். அவளும் வேளாவேளைக்கு அதே கஞ்சியைக் குடித்தாள். குடித்த கையோடு, பெட்டியில் துணி அடுக்கணும் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நாலு நாள் தங்க வந்தவளுக்கு அடுக்க அப்படி என்ன துணியோ!

அப்பேர்ப்பட்ட தம்பிதான் இப்போது சாஸும் கையுமாக நிற்கிறான்.

"சத்தம் போடாதக்கா! ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சப்ப வாங்கின பாட்டில். இன்னும் பாதிகூடத் தீரல, பாரு. அவ்வளவு கட்டுப்பாடா இருக்கேன்."

"யார் காதுல பூ சுத்துற? மாசக்கணக்கா ஒரே பாட்டிலா?"

"சத்தியமாக்கா!"

அத்தை விடுவிடுவென்று உள்ளே போனாள். தம்பி பெண்டாட்டியிடம் சொல்லி அவனை நாலு கேள்வி கேட்கவைக்க வேண்டும். வீடெல்லாம் தேடி, கடைசியில் வாஷிங் மெஷின் பக்கத்தில் அவளைப் பிடித்தாள். மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு துணியும் இல்லை. அவள் வாய்க்குள் காரக் கடலை. மெல்லும் சத்தம் வெளியே கேட்கக் கூடாதாம்.

"அண்ணி..."

"முழுங்கிட்டுப் பேசு."

"ஒரே டப்பாதான் அண்ணி. எப்பவோ வாங்கினது. ஆசைக்கு நாலு கடலைதான் எடுப்பேன், அதான் தீரவே இல்ல."

"உன் புருஷனும் இதே பாட்டைத்தான் பாடினான்!"

"அவருமா?" அவள் வாயைப் பிளந்தாள்.

"நல்ல ஜோடி! இப்பவே புள்ளைகிட்டச் சொல்றேன்."

பின்னாலேயே ஓடி வந்த தம்பி குறுக்கே நின்றான். "வேண்டாங்கா. தெரிஞ்சா கிண்ணத்தைத் தூக்கி எறிஞ்சிடுவா. அடுத்த வாரம் எடை பார்க்கணும்."

"எடை ஏறலைன்னா மருந்து தள்ளிப்போயிடும் அண்ணி" என்று தம்பி பெண்டாட்டியும் கெஞ்சினாள்.

"நோயாளிப் பொண்ணையா ஏமாத்துவீங்க? இந்தப் பொய்க்கெல்லாம் நான் துணை போக மாட்டேன்!"

அந்த நேரம் பார்த்து வாசலில் மணி அடித்தது. மருந்து பார்சல்.

"யாரும் தொடாதீங்க, நான்தான் பிரிப்பேன்!" என்று அறைக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது. போனில் மருந்து ஆர்டர் போடுவதும் பார்சலைப் பிரிப்பதும் எப்போதும் அவள்தான். மெல்ல நடந்து வந்து பார்சலை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அத்தையும் பின்தொடர்ந்தாள்.

தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க். கட்டிலில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வழித்துத் துடைத்த கஞ்சிக் கிண்ணம்.

"கண்ணு, ஒரு விஷயம் சொல்லணும். மனசைத் திடப்படுத்திக்கோ. உங்கப்பாவும் அம்மாவும்..."

"கதவைச் சாத்திட்டுச் சொல்லுங்க அத்தை. மாட்டினது யாரு? சாஸா, கடலையா?"

அத்தை கதவைச் சாத்தினாள்.

மாத்திரை அட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு சாஸ் பாட்டில் வந்தது. அப்புறம் காரக் கடலை.

"அடிப்பாவி! அப்போ அந்த பாட்டில் தீராம இருக்கிறது..."

"என் கைங்கரியம்தான். அப்பா குளிக்கப் போனதும் கொஞ்சம் ஊத்தி வெச்சிடுவேன். வாடை பட்டாலே குமட்டும், அதான் மாஸ்க்."

"உனக்குக் கோபம் வரலையாடீ?"

"வராம? முதல்ல பயங்கரமா வந்துச்சு. நாளைக்கே போட்டு உடைக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள பாட்டில் அடிதட்டுற மாதிரி ஆயிடுச்சு. அப்பா புதுசு வாங்கவே இல்ல அத்தை. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு என்கூடவே கஞ்சி குடிச்சார். பார்க்கச் சகிக்கல. இந்த வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்."

"அதுக்காக நீயே ஊத்தி வைப்பியா?"

"அவங்களா புதுசு வாங்கினா மனசு குத்தும். தீராத பாட்டில்னா குத்தாதுல்ல? தினம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஊத்தினேன், திரும்ப ஏறினதைக்கூட கவனிக்கல, பாவம். சொல்லிடாதீங்க. நான் ஒழுங்கா சாப்பிடுறேன், எடை ஏறிடும்."

அத்தை அவள் தொப்பியைத் தடவிக்கொடுத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கு இந்த ஒளிவு மறைவெல்லாம் ஆகாதுடீ கண்ணு, அதான் அப்படிப் பொங்கிட்டேன்" என்றாள்.

"தெரியுமே!" என்றபடி அவள் பார்சலுக்குள் மறுபடி கைவிட்டு, பெரிய காரச் சிப்ஸ் பொட்டலம் ஒன்றை எடுத்து அத்தையின் மடியில் வைத்தாள்.

"இதை நீங்களே பெட்டியில துணிக்கு அடியில வெச்சுக்கோங்க அத்தை. உங்களது நேத்தே தீர்ந்துபோச்சு."