கடைசி வரியின் மை

கண்ணாடிச் சாடிக்குள் தொங்கும் காகிதப் பட்டையில், மையின் நிறங்களைப் பிரித்துக் காட்டும் ஸ்பிரிட் மெல்ல மேலே ஏறுகிறது. அதன் அடியில், பென்சில் கோட்டின் மேல் மூன்று மைப்பொட்டுகள். தூக்கில் தொங்கியவளின் கடிதத்தின் முதல் வரியிலிருந்து ஒன்று, 'என் சாவுக்கு யாரும் காரணமில்லை' என்ற அதன் கடைசி வரியிலிருந்து ஒன்று, கணவனின் பேனாவிலிருந்து ஒன்று. கண்ணுக்கு மூன்றும் ஒரே நீலம்தான். ஆய்வக உதவியாளர் குனிந்து பார்க்கிறார். முதல் பொட்டு நீலமாகவே ஏறுகிறது. மற்ற இரண்டும் அச்சு அசலாக ஒரே உயரத்தில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பிரிகின்றன. கதவுக்கு வெளியே, செத்தவளின் அப்பா மருமகனைத் தேற்றும் குரல் கேட்கிறது. "நீங்களே இப்படி உடைஞ்சு போனா எப்படி மாப்பிள்ளை? ஒரு வாய் தண்ணி குடிங்க. உங்க மேல பழி வந்துடக் கூடாதுன்னுதானே அவ கடைசியா அந்த வரிய எழுதி வெச்சிருக்கா."