ஒரு கதிரையும் பத்து வீடும்

“கதிரை நம்மட வீட்டுக்குத்தான்” என்று சொல்லிக்கொண்டே பக்கீர் முகைதீன் முதலாளி பள்ளிக்கூட மண்டபத்துக்குள் கால் வைத்தார்.

மூன்று வாரமாக மருதமுனைத் தெருவெல்லாம் அவர் சொல்லி வந்த வசனம் அது.

பாடசாலைச் சபையில் ஊருக்கென்று ஒரே ஒரு உறுப்பினர் கதிரை. போட்டிக்கு இரண்டு பேர். ஒருவர் நூல் வியாபாரம் செய்யும் இவர். மற்றவர், இவரோடு ஏழு வருடமாகக் கதைக்காத ஆதம்பாவா. இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் செல்லுபடியான நியமனப் பத்திரம் ஒன்றாவது கிடைக்காவிட்டால் கதிரை பக்கத்து ஊருக்குப் போய்விடும். அதோடு புதிதாக வரவிருக்கும் ஆறாம் வகுப்பும் போய்விடும்.

அந்தப் பயமெல்லாம் முதலாளிக்கு இல்லை. ஒன்பது வீட்டு ஆண்களிடம் நேரில் போய் வாக்கு வாங்கியாயிற்று.

வெறுங்கையோடும் போகவில்லை. மனைவி நபீஸா ஒவ்வொரு நாளும் ஓலைப்பெட்டியில் எண்ணெய் கசியக் கிண்டிய தொதல் இனிப்பு வைத்து, துணியால் மூடிக் கொடுத்தாள். ஆண்கள் முன்கூடத்தில் கதைத்திருக்க, பெட்டி உள்ளே பெண்களிடம் போகும். திரும்பும்போது அதில் நாலு முட்டையோ ஒரு சீப்பு வாழைப்பழமோ இருக்கும். வந்த பெட்டியை வெறுமையாகத் திருப்புவது ஊரில் வழக்கமில்லை. முதலாளி ஒருநாளும் துணியைத் தூக்கிப் பார்த்ததில்லை.

கடைசி நாள் ஆதம்பாவாவின் வாசலிலும் ஒரு பெட்டியை வைத்துவிட்டு வந்தார், அவனுக்கு வயிறெரியட்டும் என்று. அதுவும் மறுநாள் நிறைந்தே திரும்பி வந்தது.

நபீஸா கேட்டது ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடத்துக்கு ரோட்டுப் பக்கம் மறைப்பாக ஒரு மதில். மதில் இருந்தால் குமரிகளும் ஆறாம் வகுப்புக்குப் போகலாம். மகள் லைலா இந்த வருடம் ஐந்தாம் வகுப்பை முடிக்கிறாள். நபீஸாவும் ஐந்தோடு நின்றவள்தான்.

“கதிரை வரட்டும், பாப்பம்” என்றிருந்தார் முதலாளி. அவர் மனதில் இருந்தது மதில் அல்ல, தன் பெயர் பொறித்த வெண்கல மணி.

கல்விக் கந்தோரிலிருந்து வந்திருந்த அதிகாரி கனகசபாபதி கையை நீட்டினார். “வீட்டு உறுதிப் பத்திரம்?”

போட்டியிடுபவருக்கு ஊரில் சொந்த வீடு இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் இருந்தது. அதை முதலாளி வாசிக்கவில்லை. நபீஸா வாசித்துச் சொன்னாள். காலையில் உறுதியைச் சிவப்புத் துணியில் முடிந்து கொடுத்தவளும் அவள்தான். பேனையை மறக்க வேண்டாம், கையொப்பம் கேட்பார்கள் என்றும் சொல்லி அனுப்பினாள்.

கனகசபாபதி முடிச்சை அவிழ்த்து, உறுதியை விரித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.

“முதலாளி, இது உங்கட பேரில இல்லையே. நபீஸா உம்மா எண்டு போட்டிருக்கு.”

சீதன வீடு. உறுதி முடித்தது 1937இல். பதினாறு வருடத்தில் முதலாளி ஓடு மாற்றியிருக்கிறார், முன்கூடத்தை நீட்டியிருக்கிறார், வருவோர் போவோரிடமெல்லாம் ‘என்ட வீடு’ என்று காட்டியிருக்கிறார். உறுதியை மட்டும் விரித்துப் பார்த்ததில்லை.

ஆதம்பாவா வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய உறுதி விரியும்வரைதான் அந்தச் சிரிப்பு. அது அவர் மனைவி பாத்தும்மா பெயரில் இருந்தது.

மண்டபத்தில் கூடியிருந்த மற்ற ஆண்கள் மெல்லக் கூரையைப் பார்த்தார்கள். கலியாணம் முடித்துப் பெண்வீட்டில் குடியேறும் ஊரில், சொந்த வீடுள்ள ஆம்பிளைக்கு எங்கே போவது?

மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம்.

“இதுக்குள்ள இன்னொண்டு இருக்கே” என்று கனகசபாபதி உறுதியின் மடிப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

நியமனப் பத்திரம். பிழையில்லாமல் நிரப்பியிருந்தது. போட்டியிடுபவர் நபீஸா உம்மா. ஆதரிப்பவர்கள் பத்துப் பேர், பத்தும் வீட்டுக்காரிகள். ஆறு கையொப்பம், நாலு பெருவிரல் அடையாளம்.

முதலாளி மேலிருந்து கீழே வாசித்தார். அவர் போன வீடுகள். போன ஒழுங்கிலேயே. கடைசிப் பெயர் பாத்தும்மா.

தாளின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. மோந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. தொதல்.

மூன்று வாரமாக அந்தத் தாளைப் பெட்டிக்குள் வீடு வீடாகச் சுமந்து திரிந்தவர் அவரேதான்.

அவமானந்தான், வேறென்ன? தாளை வாங்கிக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள ஒரு நொடி போதும். பிறகு கதிரை பக்கத்து ஊருக்கு. லைலா அடுப்படிக்கு.

“பத்திரத்தைக் கொண்டு வந்து தாறவர் கையொப்பம் வைக்க வேணும்” என்று கனகசபாபதி தாளின் அடியில் ஒரு வெற்றுக் கோட்டைக் காட்டினார். “இல்லாட்டி இது செல்லாது.”

ஆதம்பாவாவின் கை தன் பேனைக்குப் போவதை முதலாளி ஓரக்கண்ணால் கண்டுவிட்டார். அவருடைய பெண்சாதியின் பெயரும் அதில் இருக்கிறதல்லவா!

முதலாளி முந்திக்கொண்டார். நபீஸா மறக்க வேண்டாம் என்ற பேனைதான். நீளமாக ஒரு கையொப்பம் வைத்து, அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

பிறகு துருக்கித் தொப்பியை நேராக்கிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“கதிரை நம்மட வீட்டுக்குத்தான் எண்டு நான் சொன்னன்தானே!”